டெபியன் 12ல பேக்போர்ட்ஸ் கெர்னல் 6.12: ஃபைல் சர்வர் தொங்குற பிரச்னைக்கு போட்டுப் பார்த்த அனுபவம்

முதல்லயே முடிவ சொல்லிடறேன். நெட்வொர்க்ல ஃபைல் ஷேர் பண்றது அடிக்கடி தொங்குது, சர்வர்ல என்எஃப்எஸ் (நெட்வொர்க்ல ஃபோல்டர் ஷேர் பண்ற முறை) ஓடுது, டெபியன் 12ஓட வந்த 6.1 கெர்னல்லயே (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) இருக்கீங்கன்னா, பேக்போர்ட்ஸ்ல (இருக்கிற டெபியனுக்கே புது வெர்ஷன் பேக்கேஜ் தர்ற தனி இடம்) கிடைக்கிற 6.12 கெர்னல் போடறது தாராளமா செய்யலாம், எங்களுக்கு அது நல்லா வேலை செஞ்சுது. ஆனா "ஷேர் ஸ்லோவா இருக்கு, கெர்னல் மாத்தினா சரியாயிடுமா"ன்னு பொதுவா கேட்டீங்கன்னா பாதிப் பேருக்கு ஆகாதுன்னுதான் சொல்லுவேன், ஏன்னா உங்க பிரச்னை கெர்னல்ல இருக்கா வேற எங்கயாவது இருக்கான்னு பார்க்காம கெர்னல மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. இந்த ரிவ்யூல அதத்தான் கொஞ்சம் விலாவாரியா எழுதப் போறேன்.

எங்க செட்டப் என்னன்னா, கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற ஸ்டுடியோ, ஏழெட்டு மெஷின், எல்லாமே டெபியன் 12. ஒரு சர்வர், அதுல பெரிய ஹார்ட் டிஸ்க்குகள், அங்கேர்ந்து என்எஃப்எஸ் வழியா எல்லா மெஷினுக்கும் ஒரே ஃபோல்டர் மவுண்ட் ஆகும். போட்டோ ரா ஃபைல், வீடியோ, பிரிண்டுக்குப் போற பெரிய டிஃப் ஃபைல், எல்லாம் அங்கதான். இது போக பழைய வேலைய சேமிச்சு வைக்க ஒரு என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்ல மாட்டற டிஸ்க் பெட்டி), அது எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் ஷேர் பண்ற முறை) மட்டும் பேசும். ரெண்டு விண்டோஸ் லேப்டாப்பும் உண்டு, பில்லிங்குக்கு.

பிரச்னை எப்படி இருக்கும்னா, எல்லாம் நல்லாத்தான் ஓடும், திடீர்னு ஒரு மெஷின்ல ஃபைல் சேவ் பண்ணப் போனா அப்படியே நிக்கும். கொஞ்ச நேரத்துல அடுத்த மெஷின். அப்புறம் எல்லா மெஷினும். டிமெசேஜ்ல பார்த்தா "சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்"னு வரிசையா வந்துட்டே இருக்கும். டிஸ்க்ல இடம் பார்க்க டிஎஃப்னு அடிச்சா அதுவும் தொங்கும், ஏன்னா அது எல்லா மவுண்டையும் தொட்டுப் பார்க்கும். டிசைன் பண்ற தம்பி "அண்ணே மறுபடியும் நின்னுருச்சு"ன்னு குரல் குடுத்தா சர்வர் ரூமுக்கு ஓடணும். கல்யாண சீசன்ல, நாளைக்கு ஆல்பம் டெலிவரின்னு இருக்கிறப்ப இது எவ்வளவு வயித்தெரிச்சல்னு இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

சர்வர்ல பார்த்தா விஷயம் வேற மாதிரி. சிபியு சும்மா இருக்கு, டிஸ்க் சும்மா இருக்கு, பிங் பண்ணா பதில் வருது, எஸ்எஸ்ஹெச்ல உள்ள போக முடியுது. ஆனா என்எஃப்எஸ்டி (என்எஃப்எஸ் சர்வர் வேலைய பார்க்கிறது) த்ரெட் எல்லாம் பிஎஸ் லிஸ்ட்ல டி ஸ்டேட்ல உக்காந்திருக்கும். டி ஸ்டேட்னா கெர்னலுக்குள்ள எதுக்கோ காத்திருக்கு, கில் மைனஸ் 9 அடிச்சாலும் சாகாது. லாக்ல "டாஸ்க் என்எஃப்எஸ்டி பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்"னு வரும், அதுக்குக் கீழ ஒரு நீளமான கால் ட்ரேஸ். சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணினா அதுவும் போய் அங்கயே மாட்டிக்கும். நார்மலா ரீபூட் குடுத்தாலும் முடியாது, பவர் பட்டன அழுத்திப் பிடிச்சாதான் உண்டு. இந்த அடையாளத்த நல்லா மனசுல வெச்சுக்கோங்க: சர்வர் உயிரோட இருக்கு, நெட்வொர்க் உயிரோட இருக்கு, என்எஃப்எஸ்டி மட்டும் டி ஸ்டேட்ல தொங்குது. இப்படி இருந்தா உங்க பிரச்னை கெர்னல்ல இருக்கிறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம், ஏன்னா லினக்ஸ்ல என்எஃப்எஸ் சர்வரே கெர்னலுக்குள்ளதான் ஓடுது. எஸ்எம்பி பேசற சாம்பா மாதிரி தனி புரோகிராம் இல்ல.

ஏன் தொங்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா நல்லது. என்எஃப்எஸ் வெர்ஷன் 4ல டெலிகேஷன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மெஷின் ஒரு ஃபைல திறந்தா, சர்வர் "இந்த ஃபைல வேற யாரும் இப்ப தொடல, நீயே உன் கேஷ்ல வெச்சுக்கோ, ஒவ்வொரு தடவையும் என்னக் கேக்க வேண்டாம்"னு ஒரு அனுமதி குடுக்கும். வேற மெஷின் அதே ஃபைல எழுதறதுக்குத் திறந்தா சர்வர் முதல் மெஷின கூப்பிட்டு அந்த அனுமதிய திருப்பி வாங்கணும். இப்படி சர்வர் பக்கத்துலேர்ந்து கிளையண்ட்ட கூப்பிடறதுக்குப் பேர்தான் கால்பேக். அந்த முதல் மெஷின் ஒரு லேப்டாப்பா இருந்து, மூடி வெச்சுட்டுப் போயிருந்தாலோ, வைஃபை விட்டுப் போயிருந்தாலோ, சர்வர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கம் ஆளே இருக்காது. ஒரு டைம் அவுட்டுக்கு அப்புறம் விட்டுட்டு மேல போகணும், டிசைன் அப்படித்தான். ஆனா அந்த செஷன மூடற இடத்துல, முடியாம நிக்கிற கால்பேக்குக்காக காத்திருந்து காத்திருந்து த்ரெட்டே நின்னு போற பிரச்னை இருந்துச்சு. இது எங்க ஒரு ஆபீஸ் கதை மட்டும் இல்ல, டெபியன் 12ல 6.1 ஓட்டினவங்க நிறைய பேர் இதையே பக் ரிப்போர்ட்டா போட்டிருக்காங்க. கெர்னல்ல கால்பேக் மூடற பகுதிக்கு 2025 தொடக்கத்துல ஒரு திருத்தமும் போச்சு. அதனால 6.12னு நம்பர் மட்டும் பார்க்காதீங்க, அந்த வரிசையில அதுக்கு அப்புறம் வந்த பாயிண்ட் ரிலீஸா (6.12க்குப் பின்னாடி இன்னொரு நம்பரோட வர்ற திருத்த வெர்ஷன்) பார்த்து எடுங்க. பேக்போர்ட்ஸ்ல இப்ப இருக்கிறத எடுத்தாலே போதும்.

கெர்னல் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தற்காலிக வழி இருக்கு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா சீசன் நடுவுல யாரும் சர்வர் கெர்னல்ல கைய வைக்க மாட்டாங்க. சர்வர்ல சிஸ்கண்ட்ரோல்ல எஃப்எஸ் பிரிவுல லீசஸ் எனேபிள்னு ஒரு செட்டிங் இருக்கு, அத 0ன்னு வெச்சுட்டு என்எஃப்எஸ் சர்வர ரீஸ்டார்ட் பண்ணிட்டா சர்வர் டெலிகேஷனே குடுக்காது. டெலிகேஷன் இல்லேன்னா திருப்பி வாங்கற வேலையும் இல்ல, தொங்கறதும் பெருமளவு நிக்கும். கொஞ்சம் வேகம் குறையும், சின்னச் சின்ன ஃபைல் நிறைய திறக்கிற வேலைக்கு அது தெரியும், பெரிய ஃபைல் காப்பி பண்றதுல பெருசா தெரியாது. நாங்க சீசன் முடியற வரைக்கும் இதிலதான் ஓட்டினோம். சில பேர் கிளையண்ட்ல வெர்ஷன் 3ன்னு போட்டு மவுண்ட் பண்ணுவாங்க, அதுவும் வழிதான், வெர்ஷன் 3ல இந்த டெலிகேஷன் கதையே கிடையாது. ஆனா ஃபைல பூட்டற (லாக்கிங்) வேலைக்கு தனி சர்வீஸ், ஃபயர்வால்ல கூடுதல் போர்ட்னு வேற வேலை வரும், எனக்கு அது பிடிக்கல.

இப்ப இன்ஸ்டால் பண்றது. டெபியன் பேக்போர்ட்ஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயமே இது அமைதியா இருக்கிறதுதான். சோர்ஸஸ் லிஸ்ட்ல புக்வர்ம் (டெபியன் 12ஓட பேர்) பேக்போர்ட்ஸ் வரிய சேர்த்து அப்டேட் குடுத்தா, அதுவா எதையும் இழுத்துப் போட்டுடாது. ஏபிடி இன்ஸ்டால்ல மைனஸ் டி போட்டு புக்வர்ம் பேக்போர்ட்ஸ்னு நாம சொல்லி, லினக்ஸ் இமேஜ் ஏஎம்டி64னு கேட்டாதான் கெர்னல் மட்டும் அங்கேர்ந்து வரும், மத்ததெல்லாம் பழைய ஸ்டேபிள்லயே இருக்கும். ஒரு தடவை எடுத்துட்டா அப்புறம் அந்த கெர்னலுக்கு வர்ற புது அப்டேட் வழக்கமான அப்கிரேட்லயே வந்துடும். பழைய 6.1 அழியாது, பூட் ஆகறப்ப வர்ற கிரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல இருக்கும், புதுசு ஒத்து வரலேன்னா அதுல பூட் பண்ணிக்கலாம். சர்வர்ல கை வைக்கிறப்ப எனக்கு இருந்த பெரிய தைரியமே அந்த ஒரு மெனுதான்.

ரெண்டு மூணு விஷயம் கவனிக்கணும். கிராபிக்ஸ் டிரைவரோ, விர்ச்சுவல் மெஷினோ, வைஃபை டிரைவரோ டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவர புதுசா பில்ட் பண்ற டூல்) வழியா போட்டிருந்தீங்கன்னா, கெர்னலோட சேர்த்து லினக்ஸ் ஹெடர்ஸ் பேக்கேஜையும் அதே பேக்போர்ட்ஸ்லேர்ந்து எடுக்கணும், இல்லேன்னா மாடியூல் பில்ட் ஆகாது, ரீபூட் பண்ணினா திரை கறுப்பா நிக்கும். எங்க சர்வர்ல அப்படி எதுவும் இல்ல, அதனால சுலபமா முடிஞ்சுது, எடிட்டிங் மெஷின்கள்ல ஹெடர்ஸ் சேர்த்துதான் போட்டோம். அடுத்து, பூட் பார்ட்டிஷன் தனியா சின்னதா இருந்தா இடம் இருக்கான்னு பார்த்துக்கோங்க, பாதியில நிறைஞ்சா இனிட் ராம் ஃபைல் முழுசா எழுதாது. செக்யூர் பூட் ஆன்ல இருக்கிறவங்களுக்கு டெபியன் பேக்போர்ட்ஸ் கெர்னல் கையெழுத்தோட வர்றதால பிரச்னை இல்ல. உபுண்டு பக்கம் சில பேர் மெயின்லைன் பில்டுனு ஒரு இடத்துலேர்ந்து டெப் ஃபைல் இறக்கிப் போடறாங்க, அதுல கையெழுத்து கிடையாது, செக்யூர் பூட் இருந்தா பூட்டே ஆகாது, பாதுகாப்புத் திருத்தமும் தானா வராது. வேலை செய்யற மெஷினுக்கு அது வேண்டாம். உபுண்டு 22.04ல இருக்கிறவங்களுக்கு ஹெச்டபிள்யூஇ கெர்னல்னு அதிகாரப்பூர்வமான வழியே இருக்கு, 5.15லேர்ந்து 6.8க்கு அதுலயே போயிடலாம். மின்ட் 21காரங்களுக்கு அப்டேட் மேனேஜர்ல வியூ மெனுவுக்குள்ள லினக்ஸ் கெர்னல்ஸ்னு இருக்கு, கமாண்டே வேண்டாம்.

முக்கியமா பேக்கப். ஏதோ சம்பிரதாயத்துக்கு சொல்லல. 2023 டிசம்பர்ல டெபியன் ஸ்டேபிள்லயே 6.1.64 கெர்னல்ல எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் டேட்டா கெடற பிரச்னை வந்து, 12.3 ரிலீஸ பாதியில நிறுத்தி, 6.1.66 கெர்னலோட 12.4ன்னு டிசம்பர் 10ஆம் தேதி விட்டாங்க. ஸ்டேபிள்னு பேர் இருந்தாலும் கெர்னல்ல இப்படி நடக்கும், அவங்க அத மறைக்காம உடனே நிறுத்தினதுதான் எனக்கு டெபியன் மேல மரியாதை வர்றதுக்குக் காரணம். ஆனா அந்த ரெண்டு மூணு நாள்ல அப்டேட் போட்டவன் கிட்ட பேக்கப் இருந்திருக்கணும் இல்லையா. அதனால கெர்னல் மாத்தறதுக்கு முன்னாடி, சர்வர்லேர்ந்து கழட்டி வைக்கிற டிஸ்க்ல ஒரு முழு காப்பி.

புது கெர்னல்ல சர்வர் பூட் ஆனதும் ஒரு விஷயம் பயமுறுத்தும். சர்வர் வந்துருச்சு, ஆனா எல்லா மெஷின்லயும் ஷேர் இன்னும் தொங்குது. பதறாதீங்க, உடனே பழைய கெர்னலுக்கு ஓடாதீங்க. அது கிரேஸ் பீரியட். சர்வர் ரீபூட் ஆனா, முன்னாடி யார் யார் எந்த ஃபைல்ல பூட்டு (லாக்) வெச்சிருந்தாங்களோ அவங்க திரும்பி வந்து கேக்கறதுக்கு டைம் குடுக்கும், டீஃபால்ட்டா 90 செகண்ட். அது வரைக்கும் புதுசா ஃபைல் திறக்கறது நிக்கும். ஒண்ணரை நிமிஷம் கழிச்சு தானா ஓட ஆரம்பிச்சுடும். இது தெரியாம அந்த நேரத்துல மறுபடி ரீபூட் பண்ணினா மறுபடி 90 செகண்ட்.

எங்களுக்கு ரிசல்ட் என்ன? 6.12 போட்டு, லீசஸ் செட்டிங்க பழையபடி 1க்கு மாத்தி, வேணும்னே அந்தத் தொல்லைய வரவழைக்கப் பார்த்தோம். ஒரு லேப்டாப்ல ஃபைல திறந்து வெச்சுட்டு நெட்வொர்க் வயர பிடுங்கிட்டு, இன்னொரு மெஷின்லேர்ந்து அதே ஃபைல எழுதறது. கொஞ்ச நேரம் நிக்கும், அது நிக்கத்தான் செய்யணும், அந்த லேப்டாப்போட லீஸ் (சர்வர் குடுத்த கெடு) முடியறதுக்காக காத்திருக்கு, அப்புறம் எழுதிடும். மத்த மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். முன்னாடி இதே வேலைய பண்ணினா அன்னிக்கு சர்வர் ரீபூட்தான். அதுக்கப்புறம் ஒரு முழு முகூர்த்த சீசன் ஓடிருச்சு, என்எஃப்எஸ்டி டி ஸ்டேட்ல உக்காந்து நாங்க பார்க்கல. யார் யார் கனெக்ட் ஆகி இருக்காங்கன்னு பார்க்க ப்ராக் எஃப்எஸ் என்எஃப்எஸ்டி கிளையண்ட்ஸ்னு ஒரு டைரக்டரி இருக்கு, அதுக்குள்ள ஒவ்வொரு கிளையண்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர், உள்ள இன்ஃபோ ஃபைல்ல அந்த மெஷினோட நிலை தெரியும். காணாமப் போன லேப்டாப்ப அங்க "கர்ட்டசி"ன்னு காட்டும். 5.19 கெர்னல்லேர்ந்து வந்த வசதி அது, சொல்லாம கொள்ளாம போன கிளையண்ட்டோட ஃபைல் பூட்ட, வேற யாரும் கேக்காத வரைக்கும், சர்வர் ஒரு நாள் வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கும். லஞ்சுக்கு லேப்டாப்ப மூடிட்டுப் போனவங்க திரும்பி வந்து திறந்தா வேலை அப்படியே இருக்கும். சர்வர்ல எதுல பிரச்னைன்னு தேடறவங்க முதல்ல இந்த டைரக்டரிய பாருங்க, ரொம்ப உதவியா இருக்கும்.

வேகம்? ஒண்ணும் கூடல, கூடும்னு எதிர்பார்க்கவும் வேண்டாம். கிகாபிட் வயர்ல செகண்டுக்கு 110 எம்பி சொச்சம்தான் உச்சம், அத முன்னாடியும் தொட்டோம், இப்பவும் அதேதான். நெட்ல பார்க்கிறவங்க என்கனெக்ட்னு ஒரு மவுண்ட் ஆப்ஷன் போடச் சொல்லுவாங்க, 5.3 கெர்னல்ல வந்தது, ஒரே மவுண்டுக்கு 16 டிசிபி கனெக்ஷன் வரைக்கும் போடலாம். 10 கிகாபிட் இருந்தா நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு கிகாபிட்ல வயரே நிறைஞ்சு போனதுக்கு அப்புறம் 16 கனெக்ஷன் வெச்சு என்ன பண்றது?

சரி, எஸ்எம்பி பக்கம். இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க, அதனால நிதானமா எழுதறேன்.

லினக்ஸ்ல எஸ்எம்பி ஷேர ரெண்டு வழியா திறக்கலாம். ஒண்ணு எஃப்ஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எதெத மவுண்ட் பண்ணணும்னு எழுதி வைக்கிற ஃபைல்) சிஐஎஃப்எஸ்னு போட்டு மவுண்ட் பண்றது, இது கெர்னல் மாடியூல். இன்னொண்ணு ஃபைல் மேனேஜர்ல நெட்வொர்க் ஐகான கிளிக் பண்ணியோ எஸ்எம்பின்னு அட்ரஸ் அடிச்சோ போறது, நாட்டிலஸ், நெமோ எல்லாம் இப்படித்தான், இது ஜிவிஎஃப்எஸ்னு தனி புரோகிராம், சாம்பாவோட லைப்ரரிய வெச்சு ஓடுது, கெர்னலோட சிஐஎஃப்எஸ் மாடியூல தொடவே தொடாது. நீங்க ரெண்டாவது வழியில போறவங்கன்னா கெர்னல எத்தனை தடவை மாத்தினாலும் உங்க காப்பி ஸ்பீடு மாறாது. அதே மாதிரி உங்க லினக்ஸ் மெஷின் சாம்பா சர்வரா இருந்து விண்டோஸ்காரங்க வந்து ஃபைல் எடுக்கிறாங்கன்னா, அந்த சர்வர் எஸ்எம்பிடின்னு யூசர் ஸ்பேஸ் புரோகிராம், அதுக்கும் கெர்னல் அப்கிரேட் மருந்து இல்ல, சாம்பா பேக்கேஜத்தான் புதுசாக்கணும். கெர்னலுக்குள்ளயே கேஎஸ்எம்பிடின்னு ஒரு எஸ்எம்பி சர்வர் 5.15ல வந்துச்சுதான், அதுல 2022 டிசம்பர்ல 10க்கு 10 அளவுல ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியாச்சு, 5.15.61லயே அத சரி பண்ணியிருந்தாங்க. எங்க மாதிரி சின்ன ஆபீஸுக்கு சாம்பாவே போதும், அத மாத்தணும்னு எனக்குத் தோணல.

எங்க என்ஏஎஸ் பெட்டி எஃப்ஸ்டேப்ல சிஐஎஃப்எஸ் வழியாத்தான் மவுண்ட் ஆகுது. அதுல முன்னாடி செட் பண்ணிக் குடுத்தவங்க வெர்ஸ் 1.0ன்னு, அதாவது பழைய எஸ்எம்பி1லயே பேசுன்னு, எழுதி வெச்சிருந்தாங்க. ஒரு காலத்துல அது தேவைப்பட்டுது: 2017ல வான்னாக்ரை வைரஸ் எஸ்எம்பி1 ஓட்டை வழியா உலகமே பரவினதுக்கு அப்புறம், லினக்ஸ் 4.13 கெர்னல்ல டீஃபால்ட்ட எஸ்எம்பி1லேர்ந்து மேல தூக்கினாங்க, அதனால பழைய பெட்டி வெச்சிருந்தவங்களுக்கெல்லாம் "ஹோஸ்ட் இஸ் டவுன்"னு எரர் 112 வந்துச்சு, பெட்டி நல்லாத்தான் இருக்கும், பேசற வெர்ஷன்தான் ஒத்துக்காது. அப்ப எல்லாரும் நெட்ல பார்த்து வெர்ஸ் 1.0 போட்டாங்க, அது அப்படியே காலங்காலமா காப்பி ஆகி வருது. உங்க பெட்டியோட செட்டிங்ல எஸ்எம்பி2, எஸ்எம்பி3 ஆன் பண்ற ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிட்டு அந்த வரிய எடுத்துடுங்க. கெர்னலே பேசிப் பார்த்து ஒத்து வர்ற பெரிய வெர்ஷன எடுத்துக்கும். மவுண்ட்னு அடிச்சுப் பார்த்தா வெர்ஸ் 3.1.1ன்னோ 3.0ன்னோ தெரியும். எங்களுக்கு இந்த ஒரு வரி மாத்தினதுல வந்த முன்னேற்றம், ஃபோல்டர் திறக்கிற வேகத்துல, கெர்னல் மாத்தினத விட அதிகம், அத நேர்மையா சொல்லணும்.

டெபியன் 10, 11னு ரொம்பப் பழசுலேர்ந்து மேல வர்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 5.15 கெர்னல்ல பழைய என்டிஎல்எம், லேன்மேன் லாகின் முறைகள எடுத்தாச்சு. உங்க பெட்டி அது மட்டும்தான் பேசும்னா, புது கெர்னல் போட்டதும் மவுண்டே ஆகாது, எரர் 13, பர்மிஷன் டினைடு. பாஸ்வேர்டு தப்புன்னு நினைச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க. அந்தப் பெட்டிக்கு கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தா போடுங்க, இல்லேன்னா அதுலேர்ந்து டேட்டாவ எடுத்துட்டு ஓய்வு குடுங்க.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்னு படுது, ஏன்னா தொங்கறத விட இது மோசம். 6.3 கெர்னல்ல சிஐஎஃப்எஸ்ல எழுதற பகுதிய மாத்தி அமைச்சப்ப ஒரு கோளாறு புகுந்துச்சு. சர்வர் சொல்ற அதிகபட்ச எழுதும் அளவு, இல்ல நீங்க டபிள்யூசைஸ்னு மவுண்ட்ல குடுக்கிற அளவு, 4096ஆல சரியா வகுபடலேன்னா, காப்பி ஆன ஃபைல்ல நடுநடுவுல வெறும் பூஜ்யமா எழுதிடும். எரர் எதுவும் வராது, ஃபைல் சைஸ் சரியா இருக்கும், திறந்து பார்த்தாதான் போட்டோ பாதி போயிருக்கிறது தெரியும். 2024 தொடக்கத்துல, 6.8 வர்ற நேரத்துல இத சரி பண்ணினாங்க. 6.1ல இது இல்ல, 6.12லயும் இல்ல, அதனால டெபியன் 12லேர்ந்து நேரா பேக்போர்ட்ஸோட இன்றைய 6.12க்கு வர்றவங்களுக்கு கவலையில்ல. ஆனா நடுவுல 6.5 மாதிரி ஏதாவது ஒண்ணுல அப்டேட் போடாம நின்னுட்டு இருக்கிறவங்க உடனே எஃப்ஸ்டேப்ப திறந்து டபிள்யூசைஸ் என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 65536 இருந்தா சரி, 65535ன்னோ 60000ன்னோ இருந்தா சரியில்ல. காப்பி பண்ணினதுக்கு அப்புறம் செக்சம் (ரெண்டு காப்பியும் ஒண்ணுதானான்னு காட்டற எண்) ஒத்துப் பார்க்கிற பழக்கம் எங்க ஸ்டுடியோல இப்ப கட்டாயம். ஒருத்தரோட கல்யாண போட்டோ மறுபடி எடுக்க முடியாத சாமான்.

6.12ல சிஐஎஃப்எஸ் எப்படின்னா, எங்க பெட்டியோட நல்லாவே ஓடுது. முன்னாடி பெட்டி தூங்கி எழும்பறப்ப "ஹாஸ் நாட் ரெஸ்பாண்டட் இன் 180 செகண்ட்ஸ், ரீகனெக்டிங்"னு லாக்ல வரும், அது இப்பவும் எப்பவாவது வருது, ஆனா திரும்பி ஒட்டிக்குது, மவுண்ட் செத்துப் போறதில்ல. அந்த 180 எங்கேர்ந்து வருதுன்னா, எக்கோ இன்டர்வல் டீஃபால்ட்டா 60 செகண்ட், மூணு மடங்கு பார்த்துட்டுதான் கைவிடும். அத குறைக்கணும்னா மவுண்ட் ஆப்ஷன்ல எக்கோ இன்டர்வல குறைச்சுக்கலாம். 6.10ல சிஐஎஃப்எஸ் முழுசா நெட்எஃப்எஸ்னு ஒரு பொது லைப்ரரிக்கு மாறிடுச்சு, பெரிய மாற்றம், அப்படி மாத்தின உடனே வர்ற வெர்ஷன்கள்ல சின்னச் சின்ன கோளாறு இருக்கத்தான் செய்யும். அதனாலதான் புது வெர்ஷன் வந்த அன்னிக்கே எடுக்காதீங்க, எல்டிஎஸ் (நீண்ட நாள் திருத்தம் வர்ற) வரிசையில பாயிண்ட் ரிலீஸ் கொஞ்சம் ஏறட்டும்னு சொல்றேன். 6.12 வெளியானது 2024 நவம்பர், எல்டிஎஸ், இப்ப நல்லா பதமாயிருச்சு.

விண்டோஸ்காரங்க கேள்வி ஒண்ணு அடிக்கடி வருது: விண்டோஸ் 11 அப்டேட் ஆனதுலேர்ந்து பழைய பெட்டி திறக்க மாட்டேங்குது, லினக்ஸ் சர்வர்ல கெர்னல மாத்தட்டுமான்னு. 24ஹெச்2லேர்ந்து எஸ்எம்பி சைனிங் கட்டாயம், ப்ரோ எடிஷன்ல பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் லாகினும் அடைச்சாச்சு. அது விண்டோஸ் பக்க விதி. சாம்பாவுல முறையா யூசர் உருவாக்கி பாஸ்வேர்டு வெச்சா முடிஞ்சுது, கெர்னல விட்டுடுங்க. அதுக்கும் முன்னாடி, எந்த ஷேர் பிரச்னையா இருந்தாலும், ஐபெர்ஃப்னு ஒரு டூல் இருக்கு, ரெண்டு மெஷின்ல ஓட்டி வெறும் நெட்வொர்க் வேகத்தப் பாருங்க. அதுலயே 900 மெகாபிட்டுக்குப் பதிலா 94 காட்டுச்சுன்னா எங்கயோ ஒரு வயர்ல ஒரு ஜோடி அறுந்து 100 மெகாபிட்ல ஓடுது, முப்பது நாப்பது ரூபாய் கிரிம்பிங் வேலை. நெட்வொர்க் கார்டு டிரைவரும் கெர்னல்லதான் இருக்குங்கிறதால அங்க மட்டும் ஒரு விதிவிலக்கு: புது போர்டுகள்ல வர்ற 2.5 கிகாபிட் ரியல்டெக் 8125 மாதிரி சிப்புகளுக்கு 5.4லேர்ந்துதான் கெர்னலோட சொந்த டிரைவர்ல இடம் கிடைச்சுது, ரொம்பப் பழைய டிஸ்ட்ரோல கார்டே தெரியலேன்னா அதுக்கு கெர்னல் அப்கிரேட் சரியான மருந்து.

குறைன்னு சொல்லணும்னா, பேக்போர்ட்ஸுக்கு டெபியன் செக்யூரிட்டி டீமோட நேரடி பொறுப்பு கிடையாது. திருத்தம் வரும், ஆனா ஸ்டேபிள் கெர்னலுக்கு வர்ற அதே வேகத்துல வரும்னு உத்தரவாதம் இல்ல. இன்டர்நெட்ட நேரா பார்க்கிற சர்வர்ல நான் இத போட மாட்டேன், ரவுட்டருக்குப் பின்னாடி இருக்கிற ஆபீஸ் சர்வருக்கு ஓகே. ரெண்டாவது, 6.6லேர்ந்து என்எஃப்எஸ் சர்வர் எழுதறதுக்கும் டெலிகேஷன் குடுக்க ஆரம்பிச்சிருச்சு, அதாவது 6.1ல இருந்தத விட இந்தக் கால்பேக் வேலை 6.12ல கூடுதல்தான். வேகத்துக்கு நல்லது, ஆனா சர்வர கொஞ்ச நாள் கண்காணிச்சுக்கிட்டே இருங்க, லாக்ல 120 செகண்ட் மெசேஜ் தலைகாட்டுதான்னு.

டெபியன் 13 2025 ஆகஸ்ட்ல வந்துருச்சு, அதுலயும் இதே 6.12 வரிசைதான், அதுக்கு செக்யூரிட்டி டீம் பொறுப்பும் முழுசா உண்டு. முழு ஓஎஸ்ஸையும் மாத்தக்கூடிய நிலையில இருக்கிறவங்க நேரா அதுக்கே போயிடுங்க. எங்களுக்கு பிரிண்டர் பக்கம் ஓடற சாஃப்ட்வேர் 12லதான் ஒழுங்கா ஓடுது, அதனால இந்த சீசன் வரைக்கும் 12 மேல 6.12 வெச்சு ஓட்டறோம், கிரப்ல பழைய 6.1 இன்னும் அழிக்காம கிடக்கு.